பானைக்குள் இருந்த அத்தா

என் மாமா மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் மௌத்தாகி, அவருக்காக யாசீன் ஓதிய வீட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தபோதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு மனிதர் ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்துகொண்டே ஒருத்தியின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளலாம். மாமா அந்த ரகம்.

கோபத்துக்குக் காரணம் ஒரு மண்பானை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

எண்பதுகளில் நாங்கள் காரிமங்கலத்தில், சந்தைக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நாங்கள் அத்தா என்று கூப்பிடும் எங்கள் அப்பா ஊர் ஊராகச் சந்தைகளில் அலுமினியப் பாத்திரம் விற்றவர். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது ஒரு ஏஜெண்டின் பேச்சை நம்பி அரபு நாட்டுக்குப் போனார். பளிங்குக் கல் அறுக்கிற வேலை. நிழலிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். அதை அம்மா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கடத்தூர் வெயிலிலும் பென்னாகரம் வெயிலிலும் கறுத்துப்போன மனுஷனுக்குக் கடைசியில் நிழல் கிடைத்ததே என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி. அந்த ஏஜெண்டை நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன் யாரோ. மாமா நம் மனுஷர். கோபம் நம் மனுஷர் மேல்தான் நன்றாக ஒட்டும்.

அத்தாவுக்குக் கடிதம் எழுத வராது. அம்மாவுக்குப் படிக்க வராது. அந்தக் காலத்தில் அரபு நாட்டுக்குப் போனவர்கள் பலரும் செய்ததையே அத்தாவும் செய்தார். கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்களும் ஒரு கேசட்டில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். கேசட் வந்தால் வீட்டில் பெருநாள்தான்.

அதைப் போட்டுக் கேட்க ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. அதன் ஸ்பீக்கர் கிழிந்து, பேசுகிறவர் எல்லாரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கும். அத்தா அரபு நாட்டுக்குப் போகும் முன்னால், செத்துப்போன ஒரு ரேடியோவின் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்தார். வாய் அகன்ற தண்ணீர்ப் பானை ஒன்றின் மேல் அதைப் பொருத்தி, ஒயரை இழுத்து டேப்போடு சேர்த்துவிட்டார். இது அவர் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. அப்போது எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் சலூன்களிலும் இதே ஏற்பாடுதான். பானை மேல் ஸ்பீக்கரை வைத்தால் சத்தம் கனமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பானையில் பாட்டுப் போட்டால் சகிக்காது. பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். நாதஸ்வரம் போட்டால் மாடு கத்தும். ஆனால் அத்தாவின் கேசட்டைப் போட்டு, அவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஆரம்பித்ததும் வீடே நிறைந்துவிடும். தரை அதிரும். உட்கார்ந்திருக்கிற எங்கள் தொடையில் அது தெரியும். அம்மா சட்டென்று முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பானைக்குப் பதில் ஸலாம் சொல்வாள். பானைக்கு ஸலாம் சொல்கிற பெண்ணைப் பார்த்துச் சிரித்த எதிர்வீட்டு அக்காவும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒழுங்காக உட்கார்ந்து கேட்பாள். ஆம்பிளை வீட்டில் இருக்கும்போது எப்படி உட்காருவாளோ அப்படி.

தம்பி அத்தாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவனைப் பொறுத்தவரை அத்தா என்றால் பானைதான். பேச்சு ஓடும்போது பானையின் வயிற்றைக் கட்டிக்கொண்டு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்வான். அத்தாவுக்கு என்று முறுக்கை ஒடித்து உள்ளே போடப் பார்த்து, ஸ்பீக்கரில் குத்தி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான். எனக்கு அத்தாவின் நிஜக் குரல் ஞாபகம் இருந்தது. அது இவ்வளவு கனம் இல்லை என்பதும் தெரியும். இருந்தும் பானையில் வந்த குரல்தான் எனக்கு நிஜமாக இருந்தது. இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. கேசட்டில் ஏறி வந்தது அத்தாவின் வாய் மட்டும்தான். நெஞ்சு அந்த நாட்டிலேயே நின்றுவிட்டது. பானைதான் அவருக்கு ஒரு நெஞ்சைப் போட்டுக் கொடுத்தது. இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது என்று சாதனம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். எங்களுக்கு இல்லாமல் போனதும் அதுதானே.

மாமா அம்மாவின் அண்ணன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோக் கடை வைத்திருந்தார். எந்தச் செட்டைப் பார்த்தாலும் பின்பக்கத்தைத் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பானையைத்தான் விரல் மடக்கித் தட்டுவார்.

"ஏம்மா, இதுல பேசறது மச்சானா, இல்ல இந்தக் கொடமா?"

அம்மா சிரித்துக்கொண்டே டீ போடப் போவாள். அவள் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் உள்ளே கொதிக்கும்.

ஒருநாள் அத்தாவே ஒரு ஸ்டீரியோ செட்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். ஊருக்கு வந்த ஒருவர் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்கினார். கறுப்பாக, பளபளவென்று, இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடுவில் மேலும் கீழும் நகர்த்துகிற குமிழ்கள் வரிசையாக. கூடவே ஒரு புதுக் கேசட். நாங்கள் அதைத் தொடுவதற்குள் மாமாவுக்குச் சேதி போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

வந்தவர் முதலில் செய்த காரியம், பானையின் ஒயரைப் பிடுங்கியது. கத்திரிக்கோல்கூடக் கேட்கவில்லை, கையாலேயே இழுத்து அறுத்தார். ஸ்பீக்கரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது ஒரு டீக்கடைக்காரருக்கு ஆவும். வூட்டுக்கு இனிமே என்னாத்துக்கு?"

"எங்க அத்தா வெச்சது அது," என்றேன்.

"உங்க அத்தாதான் இதையும் அனுப்பிருக்காரு. பேசாம உக்காரு புள்ள. கிளாரிட்டின்னா என்னான்னு இப்பக் கேளு."

பானையைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். தம்பி பின்னாலேயே ஓடினான். அம்மா புதுச் செட்டின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். புருஷன் கடல் தாண்டி வாங்கி அனுப்பியதை வேண்டாம் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

எதிர்வீட்டு அக்கா, அவள் கூட இன்னும் நாலு பேர் என்று வீடு நிறைந்துவிட்டது. மாமா கேசட்டைப் போட்டார். அத்தா ஸலாம் சொன்னார். அம்மா முந்தானையை இழுத்தாள். ஆனால் பாதியில் கை நின்றுவிட்டது.

குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. அத்தா நாக்கால் உதட்டை நனைப்பது கேட்டது. எல்லாம் இருந்தது, அத்தாவைத் தவிர. வீட்டுக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற ஆள் மாதிரி இருந்தார். தரை அதிரவில்லை. தம்பி கொல்லையில் இருந்து வந்து இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது அத்தா இல்லை என்று சொல்லித் திரும்பிப் போனான். கூட்டம் சிரித்தது. நான் மாமாவை அடித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். அத்தா ஒரு வாக்கியத்தைப் பேசி முடித்து, அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் மெல்லியதாக ஒரு விசில். சரியாக மூடாத குழாயில் காற்று வருவது போல. பானையில் இது கேட்டதே இல்லை. மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் அவருடைய கிளாரிட்டி இப்படிப் பண்ணுகிறதே.

கேசட்டை வெளியே எடுத்தார். பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, கேசட் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைத்தார். மறுபடியும் போட்டார். விசில். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தாவைப் போட்டார். விசில்.

"செட்டுல ஒண்ணும் இல்லம்மா. கேசட்டுலதான் கோளாறு. மட்டமான கேசட்ட வாங்கியிருக்காரு மச்சான்."

சொல்லிவிட்டு, வலது ஓரத்தில் இருந்த குமிழைக் கீழே இழுத்தார். விசில் அடங்கியது. அத்தாவின் குரல் கம்பளிக்குள் இருந்து வருவது போல் மங்கியது. மாமா கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அண்ணே, அந்தக் குமிழ மேலயே வெய்ங்க," என்றாள் அம்மா.

"எறைச்சல் வருதுல்ல?"

"வரட்டும்ங்க. மேல வெய்ங்க."

அவள் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன். மாமா அவளையே பார்த்தார். பிறகு குமிழை மேலே தள்ளினார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே கேசட்டைக் கேட்டு முடித்தார்கள்.

பின்னால், நான் பெரியவளாகிக் கல்யாணமெல்லாம் ஆன பிறகு அம்மா எனக்குச் சொன்னாள். அவளுடைய அத்தா கல்லுக்குழியில் வேலை பார்த்தவர். கல்தூள் நெஞ்சில் இறங்கி, கடைசிக் காலத்தில் மூச்சு விடும்போதெல்லாம் இப்படித்தான் விசில் வருமாம். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வளர்ந்திருக்கிறாள். மாமாவும் அதே வீட்டில், அதே சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர். அவர் ஸ்பிரிட்டைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தார்!

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துதான் குமிழைக் கீழே இழுத்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரியவில்லை என்றால் அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு ரேடியோக் கடை எதற்கு நடத்தினார்? தெரிந்து மறைத்தார் என்றால் அது அதைவிட மோசம். பாவம், தங்கச்சி பயந்துவிடக் கூடாது என்று செய்திருப்பார் என்பார்கள். பயப்பட வேண்டியவளைப் பயப்பட விடுவதும் ஒரு பாசம்தான். எப்படிச் சுற்றி வந்தாலும் என் கோபம் அவர் வாசலில்தான் வந்து நிற்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், அம்மா அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மயங்கிவிட்டாள் என்பதுதான். மறுநாளிலிருந்து அவள் செய்த காரியம் அப்படி. டிரங்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய கேசட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாகப் புதுச் செட்டில் போட்டாள். ஓரத்துக் குமிழை மேலே எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளிவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வாள். கொஞ்சம் ஓடவிடுவாள். நிறுத்துவாள். பின்னால் சுற்றுவாள். திரும்ப ஓடவிடுவாள். அத்தா போன புதிதில் வந்த கேசட்டை ஒரு தடவைதான் கேட்டாள். அப்புறம் வந்தவற்றை அப்படி விடவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் கடுத்துக்கொண்டே போனது.

அடுப்பில் குழம்பு தீய்ந்தது. தெருவில் பேச்சு எழுந்தது. புதுச் செட்டு வந்ததும் தரையில் கால் பாவவில்லை பாரு என்று எதிர்வீட்டு அக்காவே சொன்னாள். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தாங்காமல் போனது வேறு. எல்லாக் கேசட்டிலும் அத்தா எனக்கென்று ஒரு இடம் வைத்திருப்பார். "பெரிய பாப்பா, நல்லாப் படிக்கறியாம்மா?" என்று ஆரம்பித்து எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசுவார். பானைக் காலத்தில் அந்த இடம் வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பானைக்கு முன்னால் உட்கார வைப்பாள். இப்போது அந்த இடம் வரும்போதே பட்டென்று நிறுத்துகிறாள். அத்தா "பெரிய பா" என்பதோடு அறுந்துபோகிறார். அவர் என்ன பேசுகிறார் என்பதே அவளுக்கு முக்கியமாக இல்லை. பேசி நிறுத்துகிற இடம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

"என்ன பேசறதயாவது கேக்க வுடும்மா," என்று ஒருநாள் கத்தினேன்.

"இரு," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் பானைதான் வேணும். இதுல இருக்கறது அத்தாவே இல்ல."

"இதுதான் உங்க அத்தா," என்றாள் அம்மா. "அதுல இருந்தது நம்ம பானை."

மாமா சொன்னதையே இவளும் சொல்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் தோற்றதாகிவிடும் என்று கொல்லைக்குப் போய், தம்பி கட்டிக்கொண்டிருந்த வெறும் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவன் அதன் வாய்க்குள் முகத்தை விட்டு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலே அவனுக்குத் திரும்பி வந்தது.

கொஞ்ச நாள் கழித்து மாமா வந்தார். என்ன நினைத்தாரோ, பழைய ஸ்பீக்கரைப் பையில் கொண்டுவந்திருந்தார். பானையைத் தட்டவில்லை, கேலி பேசவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"புள்ளைங்க ஏங்கிப் போவுதுங்கம்மா. இதையே மாட்டித் தர்றன். அந்தச் செட்டப் பாட்டுக் கேக்க வெச்சுக்க."

அந்த ஒரு நிமிஷம் மாமாவை மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தேன்.

"வேணாம்ண்ணே," என்றாள் அம்மா. "எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"ஏம்மா, மனசுக்குக் கொஞ்சம் நல்லா இருக்குமேன்னு..."

"அதனாலதான் வேணாங்கறன்."

மாமா அதற்கு மேல் நிற்கவில்லை. ஸ்பீக்கர் அவரோடேயே போய்விட்டது. நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதில் கோபம் இன்னும் ஏறியது.

அந்தத் தடவை பதில் கேசட் பேசும்போது எங்களைச் சேர்க்கவில்லை. வழக்கமாக நாங்கள் மூன்று பேரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்து, தள்ளிக்கொண்டு, ஆளாளுக்குப் பேசுவோம். நான் பள்ளியில் படித்த பாட்டை ஒப்பிப்பேன். தம்பி முத்தம் கொடுப்பான். அன்றைக்கு அம்மா எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பேச்சு கொஞ்சம்தான். கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"எனக்கு எதுவும் வேணாம். அந்த வேலைய வுட்டுட்டுக் கெளம்பி வந்துடுங்க. கேசட்டு அனுப்பாதீங்க, நீங்க வாங்க."

கேசட் அனுப்பாதீங்க என்று அவள் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது. குரலைக் கெடுத்ததும் இல்லாமல், இனி அதுவும் வரவேண்டாம் என்கிறாளே!

அத்தா வந்துவிட்டார். உடனே இல்லை. அந்தக் கம்பெனியில் விடமாட்டோம் என்று இழுத்தடிக்க, மழைக்காலம் முடிந்து ஒருநாள் மதியம் வந்து சேர்ந்தார். தருமபுரியிலிருந்து மாமாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். வாசலில் நின்று அத்தா ஸலாம் சொன்னார். அது பானைக் குரலும் இல்லை, பெட்டிக் குரலும் இல்லை. மெலிந்து, பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு குரல். தம்பி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் புதுப் பாவாடை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, பெரிய பாப்பா என்று அவர் கூப்பிடுவதற்காக முன்னால் போய் நின்றேன்.

அம்மா பதில் ஸலாம் சொன்னாள். அழவில்லை, எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள்.

அத்தா சிரித்துக்கொண்டே கழற்றினார். மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எதுவும் பொருட்டாக இல்லை. அத்தாவைத் திருப்பி நிறுத்தி, முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், அவர் முதுகில் காதை வைத்தாள்.

"பேசுங்க."

"என்னாத்தப் பேசறது?"

"எதையாவது பேசுங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அத்தா. சொல்லி முடித்து மூச்சை இழுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் பேசுங்க என்றாள். அவரும் எதையோ பேசிக்கொண்டே போனார். கப்பலையா, கம்பெனியையா, எதைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை. என்னைப் பற்றி இல்லை. அத்தா வந்து இவ்வளவு நேரமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாவற்றையும் இவள் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.